காய்ச்சல் கொடுத்த கை

என் கைகள் எனக்குப் பகையாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முடக்குவாதம் என்று பெயர். மாதம் இரண்டு முறை தென்காசிக்கு வந்து பார்க்கும் மூட்டு டாக்டர் ஆரம்பத்திலேயே எனக்கு விளக்கிச் சொன்னார். கிருமிகளை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் உண்டாம். எனக்கு அந்தக் காவல் ஆள் அடையாளம் தப்பி, என் சொந்த மூட்டுகளையே அடித்துக்கொண்டிருக்கிறதாம். கேட்டபோது எனக்கு அதிசயமாக இல்லை. வாய்க்கால் தண்ணீருக்கும் கோயில் முதல் மரியாதைக்கும் எங்கள் பங்காளிகள் போட்ட சண்டையை எல்லாம் கூட இருந்து பார்த்தவள் நான். வெளியே நடந்தது உள்ளேயும் நடக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடங்கிவிட்டால் நிமிராது. காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துத்தான் தூக்குவேன். தலை பின்ன, பாட்டில் மூடி திறக்க, தேங்காய் துருவ என்று எல்லாவற்றுக்கும் என் ஓரகத்தி வருவாள். என் கொழுந்தனின் மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள். தென்காசியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. இரண்டு பேர் புருஷன்மாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். சுவர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

எங்கள் மாமியார் கடைசி இரண்டு வருஷம் என் வீட்டில் படுக்கையில் கிடந்தார். என் நோயும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. அவரைத் தூக்கியது, துடைத்தது, அழுக்குத் துணி அலசியது எல்லாம் ஓரகத்தி. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேச்சுத்துணையாக உட்கார்ந்திருப்பேன். ஆனால் மாமியார் புகழ்ந்தது என்னை. "மூத்தவள மாதிரி ஒருத்தி உண்டுமா? நாள் பூரா எங்கூடத்தான் இருக்கா" என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். வந்தவர்களும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். ஓரகத்தி அந்த நேரம் பார்த்து வாளியோடு எங்களைக் கடந்து போவாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

போன சாரல் காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மூட்டு டாக்டருக்குப் போன் போட்டபோது, காய்ச்சல் இருக்கிறவரை வாரத்துக்கு ஒருமுறை போடும் மூட்டு மாத்திரையை நிறுத்தி வையுங்கள், விட்டபிறகு என்னைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்றார். ஐந்து நாள் அனலாய்க் கிடந்தேன். ஓரகத்திதான் கஞ்சி கொண்டுவந்தாள்.

ஆறாம் நாள் காலையில் விழித்தபோது முதலில் எனக்குத் தெரிந்தது, ஏதோ ஒன்று குறைகிறது என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வலி இல்லை. வலது கையை மூடினேன், மூடியது. திறந்தேன், திறந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பச்சைப்பிள்ளை மாதிரி கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். மாத்திரையை நிறுத்தியதால்தான் நல்லதாயிற்று என்று நானே முடிவுகட்டினேன். டாக்டரைக் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறவள் எதற்காக டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். உடம்பு தேறிய பிறகு ஒருநாள், "குத்தாலம் போய்க் குளிச்சுட்டு வருவோமாட்டி" என்று ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அங்கே வைத்துச் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஆசை.

வார நாள், கூட்டம் இல்லை. அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வருஷமாக அவள் என்னைப் பிடித்திருப்பாள், அவள் கம்பியைப் பிடித்திருப்பாள். அன்றைக்கு நானே பிடித்து நின்றதில் உச்சந்தலையில் விழுந்த தண்ணீர் எங்கே இறங்குகிறது என்றே தெரியவில்லை. குளித்து முடித்து முதலில் வெளியே வந்தவள் நான். உடை மாற்றிக்கொண்டு, ஈரச் சேலையை எடுத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினேன். தண்ணீர் கொட்டியது. உதறி மடித்து நிமிர்ந்தால் எதிரே அவள்.

"என்னக்கா இது?"

"சேலை."

"சேலைன்னு எனக்குத் தெரியாதா? யாரு பிழிஞ்சா?"

"நாந்தான். காய்ச்சலுக்குப் பொறவு கை நல்லாயிட்டு, பாத்தியா!"

கையை மூடித் திறந்து காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமா மாத்திரைக்குக் கேக்காதது அஞ்சு நாள் காய்ச்சலுக்குக் கேட்டுட்டோ?"

"ஆமாட்டி, எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

"எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லக்கா. பேச்சுத்துணைக்கு மூத்தவ, பீத்துணி அலச இளையவ. நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கிய."

இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அருவி இரைச்சலிலும் எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. திரும்பும் பஸ்ஸில் காலியாகக் கிடந்த எத்தனையோ இருக்கைகளில் எனக்கு ரொம்ப தூரத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள்.

நான் பெருமைக்காரிதான், மறைக்கவில்லை. என் வீட்டைப் பற்றி, என் சமையலைப் பற்றி யாரும் குறை சொல்லலாம். பொய்க்காரி என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. இனி நான் என்ன சொல்லி நம்பவைப்பது? காய்ச்சல் வந்து கை நல்லாயிற்று என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் நோய் நிஜம் என்று அவள் நம்ப வேண்டுமானால், நோய் இருக்கிற மாதிரி நடிக்க வேண்டும். அதைவிட மட்டமான வழி வேறு இருந்திருக்காது. அப்போது அது தெரியவில்லை.

மறுநாள் காலையில் சீப்போடு வந்தாள். கோபம் இருந்தாலும் கடமையை விடமாட்டாள், அது அவள் பெருமை. நான் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "திரும்பப் பிடிச்சிக்கிட்டு பாத்துக்கோ" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். தலையைப் பின்னிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நான் பட்ட பாடு நோயில்கூடப் பட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முருங்கைக்கீரை உருவினேன். ஊசியில் நூல் கோத்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். ஆசைக்கு என் தலையை நானே பின்னிக் கண்ணாடியில் பார்ப்பேன். அவள் வருகிற சத்தம் கேட்டால் அவசரமாக அவிழ்த்துப் போட்டு, பரட்டைத் தலையோடு அவளுக்காகக் காத்திருப்பேன். தம்ளரை ஒரு கையால் தூக்கி வாயருகே கொண்டுபோன பிறகு ஞாபகம் வந்து மறுகையையும் சேர்ப்பேன். நல்ல கையை வைத்துக்கொண்டு நோயாளியாக இருப்பது எவ்வளவு வேலை!

ஒரு மத்தியானம் பின்வாசலைத் தாழ்போட மறந்துவிட்டேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதி மூடி முடிந்திருந்தது. நிமிர்ந்தால் அவள், கையில் ஒரு கிண்ணம் புளிக்குழம்போடு நிற்கிறாள்.

"நடத்துங்கக்கா, நடத்துங்க. நாடகம் நல்லாத்தான் இருக்கு. டிக்கெட்டு எங்கன குடுக்காங்க?"

குழம்பைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். மறுநாளிலிருந்து சீப்பும் வரவில்லை.

ஒரு மாதம் தாண்டியிருக்கும். ஒருநாள் காலையில் விரல்கள் விறைத்துக்கொண்டன. மணிக்கட்டு வீங்கியிருந்தது. முட்டியும் சேர்ந்துகொண்டது. வலி வந்து நான் சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்றைக்குத்தான். அத்தாட்சி வந்துவிட்டதே! சுவருக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன்.

"ஏட்டி, வந்து பாரு. கை வீங்கிக் கெடக்கு."

"தேங்கா துருவுனது யாரு கை?" என்று மட்டும் அந்தப் பக்கமிருந்து வந்தது.

மூன்று நாள் தலை வாராமல் இருந்தேன். நாலாவது நாள் டாக்டர் வருகிற நாள். பெருமையை மடித்து வைத்துவிட்டு அவள் வாசலில் போய் நின்றேன். கொழுந்தன் கல்யாணத்துக்குப் பிறகு கூப்பிடாமல் நான் அந்த வாசலுக்குப் போனது அதுதான் முதல்தரம்.

"எங்கூட டாக்டர்ட்ட வா. அவரு சொல்லுததக் கேளு. பொறவு நீ என்னைய என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

என் தலையை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் முதலில் என்னைத் திட்டினார். யாரைக் கேட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்காமல் விட்டீர்கள் என்று. திட்டி முடியும்வரை ஓரகத்தி பொறுமையாக இருந்தாள். பிறகு கேட்டாள்: "டாக்டர், காய்ச்சல் வந்தா இந்த நோவு போவுமா?"

"போகாதும்மா. காய்ச்சல் கிருமியோட சண்டை போடும்போது உடம்போட எதிர்ப்பு சக்தியில சில மாற்றம் வரும். அதுல அபூர்வமா ஒண்ணு ரெண்டு பேருக்கு மூட்டு வலி கொஞ்ச நாள் அடங்கியிருக்கு. நிறைய பேருக்கு இன்னும் மோசமாத்தான் ஆகும். ஏன் ஒருத்தருக்கு அப்படி, ஒருத்தருக்கு இப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. ஆனா அடங்கினாலும் தங்காது."

எனக்கு விளங்கியது. வெளியூர்க்காரன் கம்பெடுத்துக்கொண்டு வந்தால் பங்காளிகள் அன்றைக்கு மட்டும் அண்ணன் தம்பியாகிவிடுவார்கள். அவன் போனதும் பழையபடி வாய்க்காலுக்குப் போய்விடுவார்கள். ஓரகத்திக்கு இது போதவில்லை.

"அப்ப எங்க அத்தை படுக்கையில கெடந்த ரெண்டு வருசமும் இவங்களுக்கு நெசமாவே முடியலையா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மருந்துச் சீட்டெல்லாம் போட்டு நான் கொண்டுபோயிருந்த மஞ்சள் பையைக் கவிழ்த்து, பழைய எக்ஸ்ரே படங்களில் ஒன்றைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எந்த வருஷம்னு இதுல போட்டிருக்கு, படிங்க. இந்த எலும்போட ஓரம் அரிச்சிருக்கு, தெரியுதா? இதை நடிச்சு வரவழைக்க முடியாது."

ஓரகத்தி வருஷத்தை வாய்க்குள் படித்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, டாக்டரையும் நம்பாதவள் போல, என் நடுவிரல் கணுவைத் தன் கையால் ஓர் அழுத்து அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றோம்.

"நோவு நெசந்தான்க்கா. ஒத்துக்கிடுதேன்."

"பொறவு என்ன?"

"நல்லா இருந்த ஒரு மாசம் நடிச்சியல்லா, அது?"

"உன் வாய்க்குப் பயந்துதாம்ட்டி."

"என் வாய்க்கு! நாப்பது வருசமா இல்லாத பயம்!"

பதில் வைத்திருந்தேன். எனக்கு எப்போதும் பதில் இருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அந்த ஒரு மாசம் மட்டுமில்ல. அத்தைக்குப் பாத்தது பூரா நீ. எல்லாரும் என்னையப் பெருமையாச் சொல்லையில நான் பேசாம இருந்தேன். அதுவும் நடிப்புதான். கை மொடங்கிருந்துச்சு, வாய் நல்லாத்தான இருந்துச்சு."

அவள் எதிரே இருந்த பழக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கை முந்தியால் துடைத்தாள். ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அடுத்த காய்ச்சல் எப்ப வருதுன்னு முன்னாலயே சொல்லிருங்கக்கா" என்றாள். "வத்தல் போட, பரண் தொடைக்க, போர்வை தொவைக்கன்னு எல்லா வேலையும் உங்களுக்குன்னு எடுத்து வைக்கேன்."

"சொல்லுதேன்."

"ஆமா, சொல்லுவிய."

பஸ் வந்தது. படி உயரம். அவள் முதலில் ஏறித் திரும்பிக் குனிந்தாள். விரலைப் பிடிக்காமல் முழங்கைக்கு மேலே சதையோடு பிடித்து இழுத்து ஏற்றினாள். கொஞ்சம் பலமாகவே இழுத்தாள்.