பெரம்பலூர் மண்டபத்தில் ஒரு பகடை மேசை

எண்பதுகளின் முதல் பாதியில் நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். புதிய இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் எங்கள் குடியிருப்பிலேயே தங்கியிருந்தார். சாயங்காலங்களில் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது. எங்களில் நாலைந்து பேரை உட்கார வைத்துத் தன் ஊர் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்பவர் கேட்பார். உடைக்கிறேன் என்றால் பகடை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதவு உடையும், இல்லையென்றால் தோள்பட்டை இறங்கும். பணம் வைத்து ஆடுவதில்லை. ஜெயித்தவன் தோற்றவன் என்றும் இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது அவர் பகடைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு முகம் உள்ளது, இருபது முகம் உள்ளது என்று விதவிதமாக இருந்தன. அதற்குப் பிறகு கதை சொல்வது நான்தான். எனக்கு அது ஒரு பைத்தியம் போலப் பிடித்துக்கொண்டது. ஷிப்டு முடிந்து வந்ததும் அடுத்த கதையை யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வருஷம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டார மனமகிழ் மன்றங்கள் எல்லாம் கூடின. கேரம், சதுரங்கம், பாட்டுப் போட்டி என்று நாள் முழுக்க நிகழ்ச்சி. எனக்கும் ஒரு மேசை கேட்டு வாங்கினேன். முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்களே என்று எல்லாவற்றையும் தயார் செய்தேன். வேஷங்களை முன்கூட்டியே சீட்டுகளில் எழுதினேன். கதையின் ரகசியங்கள் ஆடுகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க, புடவைப் பெட்டியின் அட்டையை மடித்து எனக்கு முன்னால் தடுப்பாக நிறுத்தினேன். பக்கத்து மேசையில் சதுரங்கம் என்பதால், பகடைச் சத்தம் அவர்களைத் தொந்தரவு செய்யாதபடி பழைய போர்வையை விரித்தேன். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று தெரிவதற்காக ஆளுக்கொரு குவியல் புளியங்கொட்டை. அடிபட்டால் கொட்டையை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, ஒரு கெட்டிக்காரன் என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

ரஞ்சன்குடிக் கோட்டையைப் போல ஒரு கோட்டை, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தப்பிக்க வைக்க வேண்டும் என்பது கதை. நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஆட்டம் நன்றாகவே போனது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு உள்ளே நுழைந்தார். ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரும் எப்போது எழுந்து போனார்கள் என்றே தெரியவில்லை. குவியல்கள் மட்டும் மேசையில் இருந்தன.

"என்னய்யா இது?" என்றார்.

"கதை வெளையாட்டுங்க."

"கதைக்கு எதுக்கு தாயக்கட்டை? போர்வை எதுக்கு?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதாங்க."

"அட்டைக்குப் பின்னாடி என்ன மறைக்கிற?"

"கதையதாங்க."

அவர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பார்த்தார். "இது ஒண்ணு எவ்வளவு?"

"அது உயிருங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் சொன்னதெல்லாம் உண்மை. என் காதிலேயே அது பொய்யாக விழுந்தது. மன்றச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். "மேசை கேட்டாரு, குடுத்தோம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சூதாட்டம் இல்லேன்னா, ஆடிக் காட்டு."

மேலே இருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் திருடன் வேஷமா?"

அவசரமாக அதைப் பிடுங்கி, காவல்காரன் சீட்டைக் கொடுத்தேன். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. நான் கதையைத் தொடங்கினேன். கோட்டை வாசலில் ஒரு கிழவி வருகிறாள், கதவைத் திறக்கச் சொல்லி அழுகிறாள். எங்கள் குடியிருப்பில் இந்த இடத்தில் கிழவி குரலில் பேசுவேன், நண்பர்கள் ரசிப்பார்கள். குரல் மாற்றாமல் சொல்லிப் பார்த்தேன். சற்று முன் அந்த நான்கு பேரிடம் நான் கிழவி குரலில் பேசியது கூட்டத்துக்கு அப்பால் நின்ற ஏட்டுக்கும் கேட்டிருக்கும்போல, அவர் விடவில்லை. "முன்னாடி எப்படிப் பண்ணுனியோ அப்படியே பண்ணு" என்றார். முதுகைக் கூனிக்கொண்டு, தொண்டையை நடுங்க விட்டு, "ஐயா சாமி, கதவத் தொறங்கய்யா, எம் பேரன் உள்ள இருக்கான்" என்று கெஞ்சினேன்.

நிமிர்ந்தபோது கூட்டத்தின் முன்வரிசையில் என் மாமனார் நின்றிருந்தார்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்காக வாலிகண்டபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் பெரம்பலூருக்கு வருவது தெரிந்து, மாப்பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக அவர் வந்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. அவரோடு ஊர்க்காரர்கள் இரண்டு பேர். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. ஏட்டு மட்டும் கதையிலேயே இருந்தார்.

"கதவத் தொறக்க முடியாது. கெழவிய வெரட்டுறேன்."

"உருட்டுங்கய்யா" என்றேன்.

உருட்டினார். மிகக் குறைந்த எண் விழுந்தது. கால் வழுக்கி அகழிக்குள் விழுந்துவிட்டீர்கள் என்று ஒரு போலீஸ்காரரிடம் அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று கொட்டைகளை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தது என்ன நடக்கும் என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"கடைசில ஜெயிச்சவனுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுமே கிடைக்காம எதுக்குய்யா இதை ஆடுறீங்க?"

மாமனார் முன்னால் வந்து, "நம்ம மாப்ளதாங்க. ஆலையில வேலை. நல்ல பையன்" என்றார். ஏட்டு எழுந்தார். "சூதெல்லாம் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொன்ன தொனி, உடம்பு சரியில்லாதவனை ஒப்படைப்பது போலிருந்தது.

புளியங்கொட்டைகளை நான் பொறுக்க, மாமனார் போர்வையை மடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஊர்க்காரர்கள் இருவரும் பின்சீட்டில். ஊர் நெருங்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"மாப்ள, நீங்க சூதாடி மாட்டியிருந்தாகூட, வயசுக் கோளாறுன்னு நாலு பேருகிட்ட சொல்லிச் சமாளிச்சிடுவேன். இதை என்னன்னு சொல்றது?"

கேலியே இல்லை அவர் குரலில். நிஜமாகவே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதுதான் என்னைக் கொன்றது.

நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டே என் மனைவி, "கெழவி மாதிரி அழுதீங்களாமே" என்று மட்டும் கேட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அப்பா கைகழுவப் போன வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, "அந்தப் பேரன் வெளிய வந்தானா இல்லியா?" என்றாள்.

ஆட்டம் பாதியில் நின்றுபோனதைச் சொன்னேன். அவள் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.