டாக்டர் இல்லை என்று எழுதியவள்

சுந்தரம்மாளை யாரும் கைதூக்கி விடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒடுகத்தூர் சந்தையில் வேர்க்கடலை வறுத்து விற்ற கை அவளுடையது. புருஷன் பெங்களூர் போனவன் போனவன்தான். இருபத்தாறு வயசில், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, தன் வயசில் பாதி ஆகாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டாம் கிளாஸ் பரீட்சை எழுதினாள். ஒரே தடவையில் பாஸ். அப்புறம் வேலூரில் ரெண்டு வருஷம் பிரசவ நர்ஸ் பயிற்சி. கூடப் படித்த பெண்களில் நாலு பேர் முதல் பிரசவத்தைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்தார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பியவள் இவள். புத்தகத்தைப் படித்து வாந்தி எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வயிற்றின் மேல் கையை வைத்ததும் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்கிற கை ஆயிரத்தில் ஒன்று.

அப்படிப்பட்ட கையை எங்கே போட்டார்கள்? ஜவ்வாது மலையில், பெருங்காட்டூரில். அந்தக் காலத்தில் மலைக்குப் போடுவதென்றால் தண்டனை. மேலதிகாரியோடு சண்டை போட்ட கம்பவுண்டர், எங்கேயோ கையை நீட்டிப் பிடிபட்ட டாக்டர், சிபாரிசு பிடிக்கத் தெரியாத நர்ஸ், இவர்களுக்கெல்லாம் மலை. நோயாளியும் மனுஷன்தானே, அவனுக்கு ஏன் தண்டனை அடைந்தவர்களாகப் பார்த்து அனுப்புகிறாய் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

வந்து எட்டு வருஷம். முந்நூற்றுப் பத்தொன்பது பிரசவம். சாமைக் கொல்லையில் பார்த்தது உண்டு, புளிய மரத்தடியில் பார்த்தது உண்டு. மலைச்சனம் முதல் ரெண்டு வருஷம் அவளை வாசலில்கூட நிற்கவிடவில்லை. ஏசி, கெஞ்சி, மல்லுக்கு நின்று, ஒவ்வொரு பெண்ணாக ஆஸ்பத்திரிக்கு வர வைத்தாள். ஆஸ்பத்திரி என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். ரெண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒரு கட்டில், ஒரு மருந்து பீரோ.

டாக்டர் ஒருவரும் உண்டு. பேர் பாண்டுரங்கன். அடிவாரத்தில் சொந்த கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தார். மலைக்கு வியாழக்கிழமை மட்டும் வருவார். வந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஆறு நாளுக்கும் ஒரே மையில் கையெழுத்துப் போடுவார். சனங்கள் அவருக்கு வைத்த பேரே 'வியாழக்கெழம டாக்டரு'. மருந்து பீரோச் சாவியை அவரே வைத்துக்கொண்டார். மருந்து காணாமல் போகிறதாம்! சாவி இருப்பது அவரிடம், காணாமல் போவது மலையில். எந்த ஊர் மூளைக்கு இது ஏறும்?

எழுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாசம், திங்கட்கிழமை. கோவிந்தன் என்கிற பையனின் பெண்சாதி பச்சையம்மாவுக்குப் பகல் ரெண்டு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. கோவிந்தனின் தாய், சின்னக்குழந்தை என்று பேர், வெளியே போய், "பேரன்டா!" என்று கத்திவிட்டு உள்ளே வருவதற்குள் ரத்தம் பெருக ஆரம்பித்துவிட்டது. கர்ப்பப்பை இறுகவில்லை. அமுக்கிப் பிசைந்தாலும் பழைய துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தது. பச்சையம்மாவின் உதடு வெளுத்தது.

வெளியே கோவிந்தன், "டோலி கட்டுங்கடா, கீழ தூக்கிப் போலாம்" என்று கூவினான்.

"எங்கடா தூக்குவ?" என்று சுந்தரம்மாள் உள்ளிருந்தே கத்தினாள். "கீழ எறங்க அஞ்சு மணி நேரம். இவளுக்கு இன்னும் அர மணிகூட இல்ல!"

கர்ப்பப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்துகிற ஊசிமருந்து பத்தடி தூரத்தில், பீரோவுக்குள் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த ஊசியை டாக்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் சொல்லி நர்ஸ் போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவன் எந்த ஊரில் உட்கார்ந்து போட்டானோ. அவன் ஊரில் டாக்டர் திங்கட்கிழமையும் வருவார் போல.

சின்னக்குழந்தையின் கையைப் பிடித்து மருமகள் வயிற்றில் வைத்து, "இப்பிடியே அமுக்கிப் பெசை, உசுரே போனாலும் கைய எடுக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சமையல் தாழ்வாரத்திலிருந்த அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். மூன்றாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது. கண்ணாடி ஊசி அடுப்பில் கொதித்துத் தயாராக இருந்தது. பிரசவம் என்றால் அதைக் கொதிக்க வைக்காமல் அவள் உட்கார்ந்ததே கிடையாது. மருந்தை ஏற்றினாள், தொடையில் போட்டாள், மறுபடி வயிற்றில் கை வைத்துப் பிசைந்தாள்.

"சாவாதடி எம்மா! என் கையில எவளும் செத்ததில்ல, நீ செத்து என் பேரக் கெடுக்காத!"

கொஞ்ச நேரத்தில் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியது. ரத்தம் நின்றது. சுந்தரம்மாள் கையைக் கழுவிவிட்டுப் பிரசவ ரிஜிஸ்தரை எடுத்து எழுதினாள்: 'திங்கள் பகல் 2.40. அதிக ரத்தம். டாக்டர் இல்லை. பூட்டை உடைத்து நானே ஊசி போட்டேன். தாயும் பிள்ளையும் சுகம். சுந்தரம்மாள்.'

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். பூட்டைப் பார்த்தார், ரிஜிஸ்தரைப் பார்த்தார்.

"இன்னா சுந்தரம்மா இது? டாக்டர் இல்லன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

"நீங்க இல்லீங்களே சார்."

"இந்த ரிஜிஸ்தர் மாசக் கடசீல வேலூர் போவும், தெரியுமில்ல? அந்த வரிய அடிச்சிடுங்க. டாக்டர் உத்தரவுப்படி ஊசி போடப்பட்டதுன்னு எழுதுங்க. உங்களுக்கும் நல்லது."

"எந்த உத்தரவு சார்? காத்துல வந்துச்சா?"

"நான் நெனச்சா இத திருட்டு கேஸாக்குவேன். அரசாங்க பீரோவ ஒடச்சிருக்கீங்க. வேல போயிரும்."

"ஆக்குங்க சார். நான் திருடுனது ஒரு உசுரு. அந்தா, குடிசையில படுத்துனு கீது. போயி ஜப்தி பண்ணிக்குங்க."

அவர் சொன்னபடியே செய்தார். பீரோ உடைப்பு, மருந்து திருட்டு, தகுதிக்கு மீறி ஊசி போட்டது என்று மூன்று குற்றம் எழுதி அனுப்பினார். விசாரணைக்கு வேலூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. டாக்டர் அன்றைக்கு இல்லை என்று நிரூபித்தால் சுந்தரம்மாளுக்கு வேலை மிஞ்சும். பதிவேட்டில் திங்கட்கிழமைக்கு அவர் கையெழுத்து அழகாக இருக்கிறது. இவளுக்குச் சாட்சி ஊர்தான்.

ஊர் சாட்சி சொல்லாமல் எங்கே போகும் என்று தைரியமாக இருந்தாள். அங்கேதான் ஏமாந்தாள்.

அந்த மலையில் ஒரு பழக்கம். வெளியிலிருந்து அதிகாரி விசாரிக்க வருகிறான் என்றால், முந்தின நாளே ஊர்க்கூட்டம் போட்டு, எல்லோரும் ஒரே சொல் சொல்வது என்று கட்டுப்பாடு செய்துகொள்வார்கள். காட்டிலாகாக்காரனிடம் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது. மரத்தை எவன் வெட்டினான் என்று கேட்டால், யாரும் வெட்டவில்லை, காற்றில் விழுந்தது என்று ஊரே சொல்லும். கட்டுப்பாட்டை மீறியவனுக்கு அபராதம். ஊர்த் தலைவரான நாட்டார் அருணகிரி இந்த முறையும் கூட்டம் போட்டார். சுந்தரம்மாளைக் கூப்பிடவில்லை. பொம்பளை, அதுவும் கீழ்நாட்டுக்காரி.

மறுநாள் ஜீப்பில் அதிகாரி வந்து ஆஸ்பத்திரி முன்னால் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் டாக்டர். கோவிந்தனைக் கூப்பிட்டார்கள்.

"உன் சம்சாரத்துக்கு ஊசி போட்டது யாரு?"

கோவிந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "டாக்டருதாங்க. எங்க நர்சம்மா ஊசியத் தொடவே இல்லீங்க சாமி. அவங்க ஒரு தப்பும் பண்ணல."

"பூட்டு?"

"துருப்புடிச்ச பூட்டுங்க. காத்துல வுழுந்துட்ச்சி."

நாட்டாரும் அதையே சொன்னார். வரிசையாக இன்னும் ஆறு பேர் அதையே சொன்னார்கள். நர்சம்மாவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பூரிப்பு ஒவ்வொரு முகத்திலும். டாக்டர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பைத் துடைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவர் மலையில் இருந்ததாக ஊரே சாட்சி சொல்லிவிட்டதே!

சுந்தரம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அடப்பாவிங்களா! உங்கள எவன்டா என்னைக் காப்பாத்தச் சொன்னான்? நான் போட்ட ஊசி நான் போட்டதுதான்! அத எடுத்து அந்தாளு மடியில கட்றீங்களே!"

"நர்சம்மா, கம்முனு இருங்க," என்று கோவிந்தன் கண்ணைக் காட்டினான். "ஜெயிலுக்குப் போட்டுருவாங்க."

"உள்ளதச் சொல்றியா, அம்மிக் குழவிய எடுத்தாரட்டா?"

அதிகாரி மேசையைத் தட்டினார். அந்த நேரத்தில் கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது. பச்சையம்மா வந்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பதினெட்டாம் நாள். ஆம்பிளைகள் தீட்டுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நர்சம்மாதான் போட்டாங்க, சாமி. டாக்டரு வர்ல."

"நீ மயக்கத்தில இருந்தியாமே, உனக்கு எப்படித் தெரியும்?"

"காது செத்துடுமாங்க? பூட்ட ஒடைக்கிற சத்தம் கேட்டுது. சாவாதடின்னு நர்சம்மா ஏசுனது கேட்டுது. டாக்டரு கொரலு கேக்கல. அவரு கொரலு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. வயித்துல புள்ளயோட நாலு வியாழக்கெழம வந்து பாத்தேன். ஒரு நாளும் தலை தூக்கி எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். டாக்டர் முகம் கறுத்தது.

அதிகாரி அந்தச் சொல்லை எழுதவில்லை. மயக்கத்தில் இருந்தவள் சாட்சி செல்லாதாம். எட்டு ஆம்பிளையின் பொய் செல்லும், செத்துப் பிழைத்தவளின் உண்மை செல்லாது. அவர் சுந்தரம்மாளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அம்மா, எனக்குப் புரியுது. ஊரே டாக்டர்தான் போட்டார்னு சொல்லுது. நீங்களும் அந்த ஒரு வரிய அடிச்சிடுங்க. கேஸ இத்தோட மூடிடறேன். ஒடுகத்தூர்ல ஒரு எடம் காலி. அங்கதானே உங்க சொந்த வீடு?"

சொந்த வீடுதான். கடலை விற்றும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் தானே செங்கல் எண்ணிக் கட்டிய வீடு. மகள் ஜெயம்மாள் அங்கே அக்கம்பக்கத்தார் துணையில் படித்துக்கொண்டிருந்தாள். மாசத்துக்கு ரெண்டு நாள் விருந்தாளி மாதிரி போய்வருகிற வீடு. சுந்தரம்மாள் பேனாவைக் கையில் வாங்கினாள். வாங்கவில்லை என்று சொன்னால் பொய்.

"சார், ஒண்ணு கேக்கறேன். நான் இத அடிச்சிட்டா, திங்கக்கெழம இங்க டாக்டர் இருந்தாருன்னு ஆவும். அப்பறம் இந்த மலைக்கு டாக்டர் வேணும்னு எவன் கேப்பான்? நாளைக்கு இன்னொருத்தி கெடப்பா. பூட்டு இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

"நீங்க ஒருத்தர் எழுதி மலைக்கு டாக்டர் வந்துடுவாரா?"

"வர மாட்டாரு. ஆனா இருந்தாருன்னும் எவனும் சொல்ல முடியாதுல்ல?"

அந்தப் பேனாவாலேயே, பழைய வரியின் கீழே, பச்சையம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுத்துப் பிழை நாலஞ்சு இருந்திருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தரை அவர் முன்னால் தள்ளினாள்.

ஆடி முடிவதற்குள் உத்தரவு வந்தது. மருந்தின் காலிக் குப்பி பீரோவிலேயே இருந்ததால் திருட்டு நிற்கவில்லை. தகுதிக்கு மீறி ஊசி போட்டதற்கும் பூட்டை உடைத்ததற்கும் ரெண்டு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் மலை ஏற வேறு ஆள் வேண்டுமே, அந்த ஞானம் இலாகாவுக்கு இருந்தது. டாக்டரை இறக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்த இடமே அதுதான். புது டாக்டர் வரவில்லை.

உத்தரவைப் படித்து மடித்த அன்றைக்கே இன்னொரு சேதி காதில் விழுந்தது. ஊர்க்கட்டை மீறிப் பேசினாள், தீட்டோடு ஊருக்குள் வந்தாள் என்று பச்சையம்மா வீட்டுக்கு அபராதம் போடக் கூட்டம் கூடியிருக்கிறதாம். சுந்தரம்மாள் வெள்ளைப் புடவையைக்கூட மாற்றவில்லை. வேகுவேகுவென்று நடந்து கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். கோவிந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"வாங்க நாட்டாரே, எனக்கும் சேத்து அபராதம் போடுங்க. ரெண்டு வருச சம்பள உயர்வ வேலூர்க்காரன் புடுங்கிட்டான், மிச்சத்த நீங்க புடுங்குங்க. எட்டு ஆம்பளைங்க நாக்கு பொரண்டுச்சி, பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி வந்து நின்னா. அவளுக்கா அபராதம்? நாட்டாரே, உங்க மருமவளுக்கு இது எட்டாம் மாசம், தெரியுமில்ல? அவளுக்கு ரத்தம் போனா இந்த ஊர்க்கட்டு வந்து ஊசி போடுமா?"

அருணகிரி தொண்டையைக் கனைத்தார். "நர்சம்மா, பொம்பளைங்க ஊர்க்கூட்டத்துல பேசற வழக்கம் இல்லீங்க."

"நான் எங்க பேசறேன்? திட்றேன்."

திட்டினாள். நாட்டாரை, கோவிந்தனை, வேலூரை, டாக்டரை, பூட்டு செய்தவனை, ஒருத்தரையும் விடவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. அபராதம் என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.