‘ஆச்சு சாமி’ என்று சொன்ன அம்மா

லாரி ஓட்டுவதை விட்ட பிறகு குமாரபாளையத்தில் இந்த வேலைக்கு வந்தேன். சம்பளம் கிடையாது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு குழு மதியச் சாப்பாடு வீட்டுக்கே அனுப்புகிறது. இரண்டு மணிக்கு மேல் அவர்களுக்குப் போன் போட்டு, சாப்பிட்டார்களா என்று நான் கேட்க வேண்டும். தாளில் டிக் போட வேண்டும்.

சுலபம் என்று நினைத்தேன்.

“சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சுங்க.”

நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். நம் பக்கம் யார் கேட்டாலும் அதுதான் பதில். வணக்கம் சொல்கிற மாதிரி. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தறிப்பட்டறைக்குப் பின்னால் ஒரு அம்மா. முழங்கால் வலி, தெருவுக்கு வர மாட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். மூன்று நாள் “ஆச்சு சாமி” என்றார். மூன்று டிக். நாலாம் நாள் பேச்சுக்குக் கேட்டேன்.

“இன்னிக்கு என்னங்க கொழம்பு?”

“பருப்புக் கொழம்பு சாமி.”

அன்று எல்லோருக்கும் போனது தக்காளிச் சோறு.

வண்டியை எடுத்தேன். அம்மா இருப்பது ஒரு வீட்டின் பின்கட்டில்; முன்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கேட்டில் அன்றைய சாப்பாட்டுப் பை தொங்கியது. கீழே நாய் கிழித்த பழைய பைகள். சாப்பாடு கொண்டுவருகிறவர் புது ஆள். அம்மா வீட்டுக்குப் பின்பக்கச் சந்தில் வழி இருப்பது அவருக்குத் தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன். அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். கை நடுங்கியது. பக்கத்தில் டீ டம்ளர், வர்க்கி பிஸ்கட் பொட்டலம். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்.

“ஏனுங்கம்மா, சோறு வர்லீன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?”

“அக்கறையா கேக்கறவங்ககிட்ட பட்டினின்னா சொல்றது? நல்லாருக்குமா?”

“அதுக்குத்தானுங்க கேக்கறதே!”

“ஊட்டுக்கு வந்துட்டீங்க. டீ வெக்கட்டுமா?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவர் சாப்பிட்டு, நடுக்கம் நிற்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் புது ஆளைக் கூட்டிவந்து வழியைக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரிடமும் சாப்பிட்டாச்சா என்று நான் கேட்பதில்லை. என்ன பொரியல் என்றுதான் கேட்கிறேன். “நீங்க என்னங்க, போலீசா?” என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

“என்னங்கம்மா பொரியல்?”

“கத்திரிக்கா. வேகவே இல்ல. உப்புமில்ல. ஆரு சாமி ஆக்குனது?”

ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். டிக் போட்டேன்.