இரண்டு மாடிக்கு ஒரு கருத்து

இந்த நகரத்தில் முந்நூறு லிஃப்ட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நிபுணர் கருத்துச் சொல்லாத லிஃப்ட் ஒன்றுகூட இல்லை. சரி, முந்நூறு என்பது கொஞ்சம் ஊதிச் சொன்னது. அவர் பராமரிப்பில் இருந்தவை இருபத்திரண்டுதான். ஆனால் அந்த இருபத்திரண்டில் ஏறிய யாரும் வெறும் காதோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. இதில் ஒரு சொல்லும் கூடுதல் கிடையாது.

நிபுணர் என்பது அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். பல் துலக்கும்போதே போனில் தொழில்நுட்பச் செய்தி, அறிவியல் செய்தி எல்லாவற்றையும் மேய்ந்துவிடுவார். பிறகு லிஃப்டைச் சோதிக்க மேலும் கீழும் ஓட்டும்போது, கூட ஏறியவர்களுக்கு அவற்றைப் பரிமாறுவார். இரண்டு மாடிக்கு ஒரு கருத்து என்பது அளவு. இரண்டாவது மாடியில் இறங்குகிறவருக்குத் தீர்ப்பு மட்டும் கிடைக்கும். பதினோராவது மாடிக்காரருக்குச் சாட்சி, ஆதாரம், குறுக்கு விசாரணை அத்தனையும் உண்டு.

ஐந்தே நிமிடத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி வரப்போகிறதாம் என்றால், அது பதினைந்து வருடமாக அடுத்த வருடம் வந்துகொண்டே இருக்கிறது என்பார். ஏதோ ஒரு கிரகத்தில் தண்ணீர் இருக்கிறதாம் என்றால், இருக்கட்டும், மோட்டார் போடுவது யார் என்று கேட்பார். ஒரு புது மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டியது என்ற செய்திக்கு எலிகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எதைக் கேட்டாலும் பதில் எழுதித் தரும் மென்பொருளைப் பற்றி ஒரு நாள் இப்படிச் சொன்னார்:

"அதுக்கும் எனக்கும் ஒரே குணம். தெரியாதுன்னு சொல்ல வாய் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு. அவர் மனதார நம்பிய கருத்து ஒன்றே ஒன்றுதான்: ஓடுவதைத் தொடாதே. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், எட்டு வருடம் முணுமுணுக்காமல் ஓடிய ஒரு லிஃப்டில் யாரோ ஒரு பொறியாளர் 'மேம்படுத்துகிறேன்' என்று ஒரு மின்சுற்றுப் பலகையை மாற்றிவைக்க, அது மூன்று வாரம் நடு மாடியில் முறைத்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அந்த விதியை லிஃப்டுக்கு மட்டுமில்லாமல் மிக்சிக்கும் கடிகாரத்துக்கும் போனுக்கும் சேர்த்தே எழுதிக்கொண்டார். அப்டேட் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மூக்கு விடைக்கும். கம்பெனிக்காரன் தன் வீட்டு ஒட்டடையை நம் வீட்டில் வந்து அடிக்கிறான், அதற்கு நாம் நன்றி வேறு சொல்கிறோம் என்பார்.

இரண்டு மாதத்துக்கு முன் அக்காவின் போன் விஷயத்திலும் அதைத்தான் சொன்னார்.

அக்கா அவருக்கு எட்டு வயது மூத்தவள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், வேளைக்கு வேளை இன்சுலின். மேல் கையில் நாணயம் அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது இரத்தத்தின் சர்க்கரை அளவைப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு ஆபத்தாக இறங்கினால் போன் வீடே அதிர அலறும். உலகத்துக் கம்பெனிகள் இதுவரை செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நிபுணரே ஒப்புக்கொண்டிருந்தார். போனில் இருந்த அந்தச் சென்சாரின் செயலிதான் திரும்பத் திரும்ப அப்டேட் கேட்டது. என்ன செய்ய என்று அக்கா போனை நீட்டினாள்.

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப தொடாதக்கா."

சொன்னதோடு நிற்கவில்லை. தானாகவே அப்டேட் ஆகிவிடும் வசதியையும் தேடிப் பிடித்துத் தன் விரலாலேயே அணைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை நண்பகல். நிபுணர் தன் பட்டறையில் உட்கார்ந்து, அக்கா வீட்டு லிஃப்டிலிருந்து காலையில் கழற்றி வந்த பிரேக் கட்டைகளுக்குப் புதுப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை காயும் இடைவெளியில் போனை எடுத்துச் செய்தியைத் தள்ளினார். மூன்றாவது செய்தி அந்தச் சென்சார் கம்பெனியுடையது. செயலியின் பழைய பதிப்பில், சில போன்களில், சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்கை ஒலிக்காமல் போகக்கூடும், உடனே அப்டேட் செய்துகொள்ளுங்கள் என்று பதிப்பு எண்ணோடு போட்டிருந்தார்கள்.

எண்களை மறக்காத தலை அவருடையது. அது அக்காவின் போனில் அவர் நிறுத்திவைத்த அதே எண்.

அக்காவை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தார். மூன்றாம் முறையும் எடுக்கவில்லை. அத்தானை அழைத்தால், முடிவெட்டும் கடையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருப்பதாகவும், அவள் வீட்டில்தான் இருப்பாள், தையல் மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்றும் நிதானமாகச் சொன்னார். நிபுணர் காரணம் சொல்லவில்லை. சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறையைப் பூட்டாமலே ஓடினார்.

இரண்டு தெரு தாண்ட வேண்டும். சில போன்களில் என்றுதானே போட்டிருந்தது, எல்லாப் போனிலும் என்று இல்லையே என்று வழி முழுக்க மனசுக்குச் சமாதானம் சொன்னார். போகக்கூடும் என்றுதானே சொன்னார்கள், போகும் என்று சொல்லவில்லையே. தினமும் காலையில் இந்தச் 'சில', இந்தக் 'கூடும்' இரண்டையும் வைத்துத்தான் அவர் செய்திகளைக் கிண்டல் அடிப்பார். இன்றைக்கு அந்த இரண்டு சொல்லையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கட்டடத்து வாசலில் காவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தீர்களா என்று கேட்டதும், பார்த்தேனே என்று விலாவாரியாக ஆரம்பித்தார். திரைச்சீலையை ஆளிடம் கொடுப்பதற்குப் பதினொரு மணிக்கு இறங்கி வந்தார்களாம்.

"திரும்பப் படியிலதான் ஏறினாங்க நிபுணரே. நீங்கதான் லிஃப்ட பிரிச்சுப் போட்டுட்டீங்களே. மாடிக்கு மாடி நின்னு நின்னு போனாங்க, பாவம்."

நிபுணர் மனதில் கணக்கு ஓடியது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டிருப்பாள். அந்த உடம்போடு ஆறு மாடி. உடம்பை வருத்தினால் சர்க்கரை மளமளவென்று இறங்கும் என்று, அதையும் ஒரு செய்தியில் படித்து, நாலாவது மாடிக்காரரிடம் அவரே விளக்கியிருக்கிறார்.

எதிரே லிஃப்ட் கதவில் அவர் கையெழுத்திலேயே அட்டை தொங்கியது: 'பராமரிப்பு நடக்கிறது. பொறுமைக்கு நன்றி.' அக்கா வீட்டு மாற்றுச் சாவி இருக்கிறதா என்று கேட்டு, காவலரையும் இழுத்துக்கொண்டு படியேறினார்.

முப்பது வருடமாக அடுத்தவர்களைப் படியேறாமல் காப்பாற்றி வந்தவருக்குப் படி பழக்கமில்லை. மூன்றாவது மாடியில் மூச்சு விசிலடித்தது. நாலாவதில் முட்டி ஒத்துழைக்க மறுத்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தவர், மேலே போன் அலறுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டார். அலறினால் போதும், உலகத்து அப்டேட் எல்லாவற்றுக்கும் தலை வணங்குவதாக எதற்கோ வேண்டிக்கொண்டார். மேலே ஒரு சத்தமும் இல்லை. எழுந்தார்.

காவலர் கதவைத் திறந்தார். அக்கா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை யாரிடமும் இல்லை. மடியில் போன் கிடந்தது. திரையில் ஐம்பத்தொன்று என்ற எண் சிவப்பாக எரிந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. எல்லாம் சரியாக இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"லிஃப்ட் வந்துடுச்சா?" என்றாள் அக்கா, தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

"வந்துடுச்சுக்கா" என்றார் நிபுணர்.

சமையலறையில் சர்க்கரை டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மிளகாய், உப்பு, ரவை என்று வரிசையாகத் திறந்தார். அவசரத்தில் ரவை தரையெல்லாம் சிதறியது. பின்னால் வந்த காவலர் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார், அது ஊரில் எல்லார் வீட்டிலும் மேல்தட்டில்தான் இருக்கும் என்கிற மாதிரி. கால் டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரை. அக்கா டம்ளரைத் தட்டிவிடப் பார்த்தாள். ஒரு கையால் தாடையைப் பிடித்து, சின்னச் சின்ன மிடறாக, விழுங்கியதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். சின்ன வயதில் கசப்பு மருந்தை அவள் அவருக்கு இப்படித்தான் ஊட்டுவாள்.

பிறகு காத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. நிபுணர் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கருத்து எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரம் அவர் வாய் மூடியிருந்ததை அந்தக் கட்டடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எண்பது தாண்டியதும் அக்கா சமையலறைத் தரையைப் பார்த்து, யார் ரவையைக் கொட்டியது என்று அதட்டினாள். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பாதித் தலைக்கு மட்டும் முடி வெட்டிய கோலத்தில் அத்தான் வந்து சேர்ந்தார். வாசலிலேயே, என்ன ஆச்சு என்று பதறினார். நிபுணருக்கு வாய் திரும்பக் கிடைத்துவிட்டது.

"நல்லவேளை அத்தான், நான் செய்திய பார்த்தேன். ஒரே மூச்சுல ஆறு மாடி ஏறி வந்தேன்."

"நாலாவதுல உட்கார்ந்தாரு சார்" என்றார் காவலர்.

நிபுணர் அதைக் காதில் வாங்கவில்லை. "எல்லாம் இந்தக் கம்பெனிக்காரங்க பண்ற வேலை. ஒரு அலாரத்த ஒழுங்கா வைக்கத் தெரியல. மனுஷன் உயிர்ல விளையாடறாங்க..."

அக்கா காலி டம்ளரைக் கீழே வைத்தாள். குரல் இன்னும் மெலிவாகத்தான் இருந்தது.

"கம்பெனி ரெண்டு மாசமா கேட்டுச்சுடா தம்பி, மாத்திக்கட்டுமா, மாத்திக்கட்டுமான்னு. வேணாம்னு அழுத்தினது உன் விரல்."