பூஜ்யம் வந்தால் ஏனூ இல்ல

எங்கள் ஓசூர் ஃபேக்டரியில் அளவு பார்க்கும் கருவிக்குள் இருப்பது பழைய சி மொழி புரோகிராம். ஆபீசில் ரிப்போர்ட் எடுப்பது ஜாவா. ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. நடுவில் பைத்தானில் ஒன்றை எழுதி, இங்கே சொன்னதை அங்கே சொல்ல வைப்பதுதான் என் பிழைப்பு. பத்து வருடமாக இதே மாரடிப்பு. அலுத்துவிட்டது.

கருவி ஒவ்வொரு பீசுக்கும் ஓர் எண் தரும். பூஜ்யம் வந்தால் என்ன அர்த்தம் என்று, சி புரோகிராமை எழுதிய அத்திப்பள்ளிக்காரரிடம் போனில் கேட்டேன்.

"ஜீரோ பந்த்ரெ ஏனூ இல்ல சார்" என்றார்.

ஓசூரில் இருந்துகொண்டு இந்தக் கன்னடம்கூடத் தெரியாதா என்ன? 'ஏனூ இல்ல' என்றால் 'ஒன்றும் இல்லை'; கருவியில் பீஸ் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பூஜ்யம் வந்தால் 'காலி ஓட்டம்' என்று ஆபீசுக்குச் சொல்லும்படி எழுதினேன்.

மாதக் கடைசியில் காலி ஓட்டம் அதிகமாக இருந்தது ஒரு பெண்ணின் பெயரில். கெலமங்கலத்திலிருந்து வருபவர், கிரைண்டிங் மெஷினில் கான்ட்ராக்ட் வேலை; தேய்த்த பீசைக் கருவியில் வைத்து அளவு பார்ப்பதும் அவர்தான். காலை ஷிஃப்ட் மீட்டிங்கில் சூப்பர்வைசர் அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார்.

"பீஸ் வெக்காம சும்மா பட்டனத் தட்டி ஏமாத்துறியாம்மா?"

"இல்லீங்க சார், ஒவ்வொண்ணும் வெச்சுதான் பாத்தேன். கம்ப்யூட்டர்தான் தப்பா சொல்லுது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

"புரோகிராம் டெஸ்ட் பண்ணதுதான் சார்" என்றேன். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுவாரம் வேறு எதற்கோ கருவி பக்கம் போனேன். பீஸ் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது, திரையில் பூஜ்யம். அத்திப்பள்ளிக்கு மறுபடி போன் போட்டேன்.

"சைஸ்ல வித்யாசம் ஏனூ இல்ல சார்! அது பர்ஃபெக்ட் பீஸ்" என்று சிரித்தார்.

கேட்ட அளவுக்கு மயிரிழைகூடப் பிசகாத பீசுக்குத்தான் பூஜ்யம். அந்தப் பெண்ணுக்கு அது அதிகம் வந்ததற்குக் காரணம் அவருடைய கை சுத்தம். எனக்கு அவமானமாக இருந்தது. திருத்த வேண்டியிருந்தது ஒரே வரிதான்; திருத்தினேன். சூப்பர்வைசர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"அதான் சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க சார். அந்த மெஷினுக்கு வேற ஆள் வந்தாச்சு."

நம்பர் வாங்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுதானே சார் என்னைப் பேசுனாங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.