அன்னம்மாக்காவின் ஒரே அட்டை

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு சுற்றி வரும்போது அன்னம்மாக்கா கை நீட்டமாட்டார். எங்கள் சபையில் ஆளுக்கோர் அட்டை எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த வருடத்துக்கு ஆண்டவர் தந்த வாக்காக வைத்துக்கொள்வோம். அக்கா எடுத்தது ஒரே தடவை, 1971இல். வீடு கட்டிக் குடியிருப்பாய் என்று வந்தது. அதன்பிறகு, "மொதல்ல சொன்னத அவரு முடிக்கட்டும் லா" என்று தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்.

அட்டைகளை எழுதுவது நான். மலேசியாவில் ஜெராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று போதகர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

அக்கா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவர். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தோட்டம் கொடுத்த லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். 1986 டிசம்பரோடு அவருக்கு வேலை முடிந்தது. சொந்த வீட்டுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவர் கலங்கவில்லை, கலங்கியது நாங்கள்தான். ஆண்டவருக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று நானும் போதகரும் பேசிக்கொண்டு, அந்தப் புத்தாண்டு அட்டைகளில் வீடு, நிலம், பிள்ளை பற்றிய வசனங்களை விட்டுவிட்டோம். சமாதானம், ஆறுதல், கிருபை என்று மட்டும் எழுதினேன். வரவில்லையே என்று யாரும் வந்து கேட்க முடியாது பாருங்கள். ஆண்டவரைக் காப்பாற்றக் கிளம்பிய எங்கள் புத்தி அப்படி.

ஆராதனையில் போதகர் தட்டை அக்காவின் மடியிலேயே வைத்தார். "இந்தத் தடவ வேற எடுங்கக்கா."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். சபையே காத்திருந்தது.

"வீடு எங்க தம்பி தேவதாசு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒங்களுக்கே கெடைக்கலியேக்கா. நாளைக்கு லயத்தக் காலி பண்ணணும். இன்னொருத்தரும் ஏமாறணுமா?"

"நான் ஏமாந்தேன்னு ஒங்கிட்ட சொன்னனா? நெலம் தரேன்னு வாக்கு வாங்குன ஆபிரகாமு கடைசி வரைக்கும் கூடாரத்துலதான் இருந்தாரு. வேற அட்டை குடுன்னா கேட்டாரு? என் கண்ணு பாக்கறதுக்குள்ள நடக்கும்னு அதுல எழுதியிருந்துச்சா? அவரு சொன்னத எடுத்து ஒளிக்க நீ யாரு?"

அத்தனை பேர் முன்னால் கேட்டதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் அக்கா லோரியில் ஏறி, ஜெராமில் தங்கச்சி மகள் வீட்டுப் பின்னறைக்குப் போனார். ஞாயிறுதோறும் பஸ்ஸில் சபைக்கு வருவார். வழியில் காலி மனையைக் கண்டால், சமையல்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று பக்கத்திலிருப்பவரிடம் விளக்குவார். 1989 அக்டோபரில் அந்தப் பின்னறையிலேயே இறந்தார்.

பரலோகத்தில் வீடு கிடைத்துவிட்டது என்று அடக்கத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அக்கா நம்பியிருந்தது தகரக் கூரை போட்ட வீட்டை. அது கிடைக்காதது எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் அவர் நம்பியது பொய் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த டிசம்பரில் அட்டை எழுத உட்கார்ந்தேன். போதகர் எட்டிப் பார்த்தார்.

"வீடா?"

"ஆமாங்க ஐயா. நாலு எழுதிட்டேன்."

அந்த நாலையும் எடுத்துப் படித்தார்.

"நெலத்தையும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போனார்.