கேஸ் ஸ்டேஷன் பெரியவர் கேட்ட கேள்வி

சேவியர் அண்ணே, நீ கடைசியா காருக்கு கேஸ், அதான் பெட்ரோல், போட்ட எடத்துல வேல பாத்த பெரியவரப் பத்தி எழுதுறேன்.

அன்னிக்கு நியூஜெர்சியில பனி கொட்டுச்சு. பாஸ்டன்ல அவங்க அக்கா வீட்டுல இருந்த அண்ணிக்கு பிரசவ வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்ததும் நீ தனியா கெளம்புன. நான் கேஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். அந்தப் பெரியவரு காத மூடுற குல்லா போட்டிருந்தாரு. மீசையெல்லாம் பனி. எந்தக் காரு வந்தாலும் பின்னாடி குனிஞ்சு பொகைக் கொழாயப் பாப்பாரு. நீ உள்ள காசு கட்டப் போயிருந்தப்ப, நம்ம காரு கொழாயக் கையால பொத்திக் காட்டி, "வழியில பனியில மாட்டிக்கிட்டா, மொதல்ல இறங்கி இத அடைச்ச பனியச் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஹீட்டர் போடணும். இல்லன்னா பொகை உள்ள வந்து ஆளையே கொன்னுடும். உங்க அண்ணன்கிட்ட சொல்லு"ன்னாரு.

நீ திரும்பி வந்ததும் நான், "அண்ணே, வழியில மாட்டிக்கிட்டா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"கெளம்புறப்ப வாயில நல்லதே வராதாடா உனக்கு?"ன்னு சிரிச்ச. நானும் நிறுத்திட்டேன்.

மறுநாள் ஹைவேல பனியில பொதைஞ்சு கெடந்த உன் காரக் கண்டுபிடிச்சப்ப ஹீட்டர் ஓடிக்கிட்டிருந்துச்சாம்.

ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பெரியவரு கேட்டாரு, "நீ அவன்கிட்ட சொன்னியா?"

சொன்னேன்னு தலையாட்டிட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. நம்புனாரா இல்லையான்னு இன்னும் தெரியல.

எங்க அண்ணனுக்காக எல்லாரும் ஒரு தடவ ஜெபம் பண்ணிக்கோங்க.